சட்டுவம் சேச்சியும் மேகக்கோட்டை ராணியும்

ஒரு மந்திரவாதியின் மேலுள்ள கோபத்தில் தோசையைக் கருக்கியவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் சட்டுவம் சேச்சி. கருகியது என் தோசை. அதனால் சாட்சி சொல்லும் தகுதி எனக்கு உண்டு.

மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் கணக்கு வேலைக்காகக் கோவில்பட்டியிலிருந்து வந்து இறங்கிய புதிது. கிட்டங்கிச் சந்துக்குள்ளே ஒரு தமிழ் மெஸ் இருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நாக்கு ஊற ஓடினேன். தோசைக்கல்லுக்கு முன்னால் ஆஜானுபாகுவாக ஓர் அம்மாள். வலது கையில் முழங்கை நீளத்துக்கு இரும்புச் சட்டுவம். இடது கையில் ஒரு படக்கதைப் புத்தகம். கண் முழுக்கப் புத்தகத்தில். தோசை கடவுள் விட்ட வழியில் வெந்துகொண்டிருந்தது.

“அக்கா, தோசை கருகுது” என்றேன் பணிவாக.

“ராணியைப் பாதாளச் சிறையில அடைச்சு வச்சிருக்கான் அந்தப் பாவி. உனக்குத் தோசையா பெருசு?” என்றார் நிமிராமலே.

எந்த ராணி, எந்தப் பாவி என்று கேட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. அடுத்த அரை மணி நேரம் மேகக்கோட்டையின் வரலாறு முழுவதையும் கேட்டேன். ராணி கார்முகில் வானத்தில் மிதக்கும் கோட்டையை ஆள்கிறவள். மந்திரவாதி சாம்பலாண்டி அந்தக் கோட்டையைத் திருடப் பார்க்கிறவன். இந்தக் கதையைப் பல வருஷமாக எழுதிவந்தவரை வாசகர்கள் பாசமாகக் ‘கோட்டையார்’ என்பார்கள். கதை முடியும்போது எனக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. கருகிய தோசையோடு எழுந்து போனேன்.

சேச்சியின் அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து பள்ளுருத்தியில் குடியேறியவர். சேச்சி படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். வீட்டில் தமிழ் பேசுவார்கள், எழுத்து தெரியாது. லீவுக்கு ஊருக்குப் போன இடத்தில், மாமா மகன் ஒளித்து வைத்திருந்த மேகக்கோட்டை புத்தகங்கள் கையில் கிடைத்தன. படத்தைப் பார்த்து, எழுத்தைக் கூட்டி, அழுது அடம்பிடித்துப் படித்தே தமிழ் கற்றுக்கொண்டார். ‘அ’வுக்கு அம்மா, ‘ஆ’வுக்கு ஆடு என்றுதான் நாமெல்லாம் ஆரம்பித்தோம். சேச்சி ஆரம்பித்தது ‘அடே பாதகா!’

அதனால் அவர் தமிழ் இரண்டு வகை. அரிசி, பருப்பு, காஸ் சிலிண்டர் எல்லாம் பள்ளுருத்தித் தமிழில் வரும். கோபமோ சந்தோஷமோ வந்தால் நேரே மேகக்கோட்டைத் தமிழ்.

ஒருநாள் கோயம்புத்தூரிலிருந்து சுற்றிப்பார்க்க வந்த ஒரு குடும்பம் தெரியாத்தனமாக உள்ளே நுழைந்துவிட்டது. சேச்சி சட்டுவத்தை உயர்த்தி, “யாரங்கே! விருந்தினர் வந்திருக்கிறார்கள்! நால்வருக்கு இலை இடுங்கள்!” என்று முழங்கினார். அந்த வீட்டுக்காரர் சட்டென்று சட்டையைச் சரிசெய்துகொண்டு, கேமராவை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று சாப்பிட்டு முடிக்கிறவரை தேடினார். அவர் மனைவி லிப்ஸ்டிக் கலையாமல் சாம்பார் சாதம் சாப்பிட்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

‘யாரங்கே’ என்றால் அங்கே ஒரே ஒருவர்தான். சேச்சியின் கணவர். சாது. சேச்சி அவரை ‘அமைச்சரே’ என்று கூப்பிட, தெருவே அப்படிக் கூப்பிட்டது. அவர் மலையாளி. தமிழில் ஒரு எழுத்து தெரியாது. ஆனாலும் மாதாமாதம் புத்தகப் பார்சல் வருகிற நாளில், அவரே கல்லின் முன்னால் நின்று தோசை சுட்டு, சேச்சியை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்துவிடுவார். அந்த ஒரு நாள்தான் எங்களுக்குத் தோசை வட்டமாகக் கிடைக்கும்.

மெஸ்ஸில் அரசியல் பேசலாம், மதம் பேசலாம். சாம்பலாண்டிக்கு மட்டும் பரிந்து பேசக்கூடாது. நான் ஒரு தடவை, “அவன் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கு சேச்சி. அவனுக்கும் வீடு இல்லையில்லையா?” என்றேன். அன்றோடு என் இலைக்குச் சட்னி வருவது நின்றது. பக்கத்து இலையிலிருந்து ரகசியமாகத் தொட்டுக்கொண்டு பல நாள் ஓட்டினேன். கடைசியில், “சாம்பலாண்டி ஒழிக” என்று நான்கு பேர் கேட்கச் சொன்ன பிறகே சட்னி திரும்பியது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், போன வருஷம் இடி விழுந்தது. அந்த மாதப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ராணி கார்முகில் கோட்டை மதிலிலிருந்து கீழே விழுகிறாள். அதன் அடியில், ‘இத்துடன் நிறைவுற்றது’ என்று போட்டிருந்தது.

மறுநாள் காலை மெஸ் திறக்கவில்லை. கதவில் ஒரு கறுப்புத் துணியும், மலையாளத்தில் ஒரு அட்டையும்: ‘மரணம் காரணம் இன்று அவதி.’ எங்கள் ஊரில் அவதி என்றால் கஷ்டம். அங்கே விடுமுறை. அன்றைக்கு இரண்டு அர்த்தமும் பொருந்தியது.

கிட்டங்கியில் மூட்டை தூக்கும் சேட்டன்மார் பதறிப்போனார்கள். சேச்சி கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, பெரிய மலர்வளையம் ஒன்றை வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி வரிசையாக வந்துவிட்டார்கள். நானும் பின்னால் நின்றேன். சேச்சி முகம் வீங்கக் கதவைத் திறந்தார்.

“ஆரா சேச்சி மரிச்சது?” என்றார் முன்னால் நின்றவர், தழுதழுத்த குரலில்.

“ராணி.”

“எந்த ராணி?”

“மேகக்கோட்டை ராணி.”

சேட்டன்மார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அமைச்சர் பின்னாலிருந்து சைகையால் விஷயத்தை விளக்கினார். மலர்வளையத்தைக் கடைக்காரன் திருப்பி எடுக்கமாட்டான். என்ன செய்வது? முன்னால் நின்றவர் பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளே போய், சுவரில் ஒட்டியிருந்த ராணியின் படத்தில் அதை மாட்டினார். பிறகு எல்லாரும் ஒரு நிமிஷம் அஞ்சலி செலுத்தி நின்றார்கள். சேச்சிக்கு அது போதும். கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாருக்கும் சாயா போட்டார்.

மெஸ் திறந்ததே தவிர, சேச்சியின் மனசு திறக்கவில்லை. “இந்தா தோசை”, “சாம்பார் வேணுமா” என்று சாதாரணமாகப் பேச ஆரம்பித்தார். யாரையும் பாதகா என்று சொல்லவில்லை. தோசைகூடக் கருகவில்லை. எங்களுக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. இடப்பள்ளியில் பெரிய மால் ஒன்றில் புத்தகக் கடைக்காரர்கள் கோட்டையாரை வரவழைக்கிறார்கள். வாசகர்கள் நேரில் பார்க்கலாம். சேச்சியிடம் சொன்னேன். சட்டுவம் கல்லின் மேல் ‘ணங்’ என்று விழுந்தது.

“கணக்கரே! ரதத்தைப் பூட்டுங்கள்!”

ஒரு வாரம் ஒத்திகை. நான்தான் கோட்டையார். சாப்பிட உட்கார்ந்தால் என் மூக்குக்கு நேரே சட்டுவத்தை நீட்டி, “எங்கள் அரசியைப் படைத்தவரே! அவளை வீழ்த்த உமக்கு எப்படி மனம் வந்தது? உயிர்ப்பித்துத் தாரும்! அல்லது...” என்பார். அல்லதுக்குப் பிறகு என்ன என்று முடிவாகவில்லை. நான் ஒவ்வொரு தடவையும், “உயிர்ப்பிக்கிறேன் தாயே” என்றதும்தான் குழம்பு ஊற்றுவார்.

அந்த நாளும் வந்தது. சேச்சி ஜரிகைக் கரை போட்ட கசவு வேஷ்டி-நேரியது உடுத்தி, ஒரு கையில் அடுக்குத் தூக்கும் மறுகையில் துணி சுற்றிய சட்டுவமுமாக நடக்க, அமைச்சர் வாழையிலைக் கட்டோடு பின்னால் வர, நான் நடுவில். படகேறி எறணாகுளம் போய், மெட்ரோ பிடித்து இடப்பள்ளி போய்ச் சேர்ந்தோம். மால் வாசலில் சோதனை வளையத்துக்குள் சேச்சி காலை வைத்ததும் அது அலறியது.

காவலாளி துணியைப் பிரித்துப் பார்த்தார். “இது ஆயுதமாணு. கொண்டுபோகான் பற்றில்லா.” உள்ளே கொண்டுபோக முடியாதாம்.

சண்டை வரும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். சேச்சியோ முகம் மலர்ந்துபோய் என் பக்கம் திரும்பினார். “கேட்டியா? ஆயுதமாம்!” சட்டுவத்தை இரண்டு கையாலும் ஏந்தி, போருக்குப் பிறகு வாளை ஒப்படைக்கிற தளபதி மாதிரி அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே நடந்தார்.

மேலே போனால், சேச்சியின் சொந்தக்காரர்கள் மாதிரி ஒரு கூட்டம். களமசேரியில் படிக்கிற தமிழ்ப் பிள்ளைகள் அட்டையில் கிரீடம் செய்து போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். வழுக்கை விழுந்த பேங்க் அதிகாரி ஒருவர் பழைய புத்தகங்களைத் துணியில் சுற்றி, பச்சைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். ஒரு கர்ப்பிணிப் பெண், பெண் பிறந்தால் கார்முகில் என்றுதான் பெயர் வைப்பேன் என்று புருஷனுடன் அங்கேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாரும் மேஜைக்குப் பக்கத்தில் போனதும் கேட்டது ஒரே கேள்வி: “சார், ராணி செத்துட்டாளா?” கோட்டையார் ஒல்லியான வயதான மனிதர். சோர்ந்து போயிருந்தார். ஒவ்வொருவருக்கும் சிரித்துவிட்டுக் கையெழுத்து மட்டும் போட்டார்.

எங்கள் முறை வந்தது. சேச்சி முன்னால் போய் நின்றார். வாயைத் திறந்தார். ஒரு வார்த்தை வரவில்லை. சிறுவயதிலிருந்து தனக்குத் தமிழ் சொல்லித் தந்த மனிதர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். ஒத்திகை பார்த்த வசனம் எல்லாம் பறந்துபோய்விட்டது. பின்னால் வரிசை முணுமுணுத்தது. அமைச்சர் மெதுவாக முதுகைத் தட்டிக்கொடுத்தார். கடைசியில் சேச்சியின் வாயிலிருந்து, கணீரென்று, மைக்கிலும் விழுகிற மாதிரி வந்தது:

“சாரே... கழிச்சோ?”

மலையாளத்தில் சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். தமிழில் என்ன அர்த்தம் என்று நான் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

கோட்டையார் பேனாவைக் கீழே வைத்தார். அதிர்ச்சியை மறைத்துக்கொண்டு, மிகுந்த கண்ணியத்துடன் சொன்னார். “அது... காலையிலேயே ஆச்சும்மா.”

கூட்டம் வெடித்தது. அட்டைக் கிரீடங்கள் தரையில் உருண்டன. சேச்சிக்கு ஒரு வினாடி கழித்துத்தான் புரிந்தது. “ஐயோ, என்டே ஈஸ்வரா!” என்று தலையில் கையை வைத்துக்கொண்டு, “சாப்பாடு! சாப்பாட்டைக் கேட்டேன் சாரே!” என்று தூக்கை மேஜையில் வைத்தார். அடைத்திருந்தது உடைந்துவிட்டது. கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு, இரண்டும் ஒன்றாக வந்தன.

கோட்டையாரும் சிரித்து ஓய்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “காலையிலிருந்து எல்லாரும் அவ இருக்காளா செத்தாளான்னுதான் கேக்கறாங்க. நான் சாப்பிட்டேனான்னு நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்க. கொண்டாங்க, என்ன இருக்கு?”

கடைக்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். யார் கேட்டது? அமைச்சர் இலை விரித்தார். சேச்சி இடியாப்பமும் கடலைக்கறியும் பரிமாற, நூறு வாசகர்கள் சுற்றி நின்று பார்க்க, மேகக்கோட்டையைக் கட்டியவர் விரல்களை நக்கி நக்கிச் சாப்பிட்டார். இரண்டாம் தடவை கடலைக்கறி விழும்போது சேச்சி மெதுவாகக் கேட்டார்.

“ராணி விழுந்துட்டாளே சாரே. இனி வரமாட்டாளா?”

“எனக்கு வயசாச்சும்மா. இதை இனிமே யார் படிக்கறாங்கன்னு நினைச்சுட்டேன்.” நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். “ஆனா, விழுந்தான்னுதானே எழுதினேன்? கீழே என்ன இருக்குன்னு எழுதலையே.”

“பின்னே என்ன இருக்கும்? கடல்தான்! எங்க கடல்!”

“அவளுக்கு நீந்தத் தெரியாதே.”

சேச்சி நிமிர்ந்து நின்றார். இல்லாத சட்டுவத்தை உயர்த்தினார். “தெரியாவிட்டால் என்ன! மேகத்தை ஆண்டவளுக்கு அலை எம்மாத்திரம்! கற்றுக்கொள்ளட்டும்!”

அந்தக் கைதட்டல் கீழ்த்தளம் வரை கேட்டிருக்கும்.

நான்கைந்து மாதம் கழித்துப் பார்சல் வந்தது. அமைச்சர் கல்லின் முன்னால் நின்றார். சேச்சி ஸ்டூலில் உட்கார்ந்து பிரித்தார். நாங்கள் சாப்பிடாமல் காத்திருந்தோம். ராணி கார்முகில் கடலில் விழுகிறாள். கரையில் நிற்கும் சீனவலை ஒன்று அவளை மீனோடு மீனாகத் தூக்குகிறது. கயிற்றை இழுப்பவள் இடுப்பில் சட்டுவம் செருகிய ஒரு அம்மாள். வலையிலிருந்து ராணியை எடுத்துப் போட்டதும் அவள் கேட்கும் முதல் கேள்வி, ‘மோளே, கழிச்சோ?’

மெஸ் ஆர்ப்பரித்தது. மூட்டை தூக்கும் சேட்டன் ஒருவர் ராணியின் படத்திலிருந்து காய்ந்த மலர்வளையத்தைக் கழற்றி வெளியே எறிந்தார். சேச்சி மட்டும் புத்தகத்தைத் தூரத்தில் பிடித்து, பக்கத்தில் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எங்களைச் சுற்றி ஒரு பார்வை.

“இத்தனை தடியாவா நான் இருக்கேன்?”

எல்லாரும் அவரவர் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டோம். எங்களுக்கு நாளைக்கும் சட்னி வேண்டும். தமிழே தெரியாத அமைச்சர் எட்டிப் படத்தைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் முறையாக நாங்கள் கேட்க வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததில், கல்லில் கிடந்த அத்தனை தோசையும் கருகிப்போயின.

இப்போது என் ஆபீஸைக் களமசேரிக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே நல்ல ஹோட்டல் இருக்கிறது. சுத்தமான இலை, மரியாதையான ஆட்கள், என்னை ‘சார்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மட்டும் ஏனோ காலையிலேயே மனசு கேட்பதில்லை. இரண்டு பஸ் மாறி மட்டாஞ்சேரிக்குப் போய், என்னை யாராவது பாதகா என்று கூப்பிட்ட பிறகுதான் பசிக்க ஆரம்பிக்கிறது.