இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்

மின்சாரக் கார்களைப் பற்றி எல்லாம் தெரிந்தவரை அடையாளம் கண்டுகொள்வது மிகவும் சுலபம். அவரிடம் கார் இருக்காது.

சிரிக்காதீர்கள். கார் வைத்திருப்பவனுக்கு என்ன தெரியும், பாவம்? காலையில் ஏறி உட்காருகிறான், வேலைக்குப் போகிறான், சாயங்காலம் வந்து ஒயரைச் சொருகுகிறான், அதோடு சரி. பேட்டரி விலை போன வாரம் எத்தனை சதவீதம் சரிந்தது, எந்தக் கம்பெனி எந்தக் கம்பெனியை மிரட்டுகிறது, அடுத்த மாடலில் முன் விளக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதெல்லாம் அவனுக்கு எதற்கு? அதற்கெல்லாம் நிறைய ஓய்வும் கொஞ்சம் பற்றற்ற மனமும் வேண்டும். இரண்டும் கார் வாங்காதவரிடம்தான் இருக்கும்.

இந்த இனத்தில் தேர்ந்த ஒருவரை உங்களுக்குக் காட்டுகிறேன். ஓர் அச்சகத்தில் மேற்பார்வையாளர். நான்கு மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் குடியிருப்பு. பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு, ஆனால் கட்டடத்தில் யாருக்கும் அது நினைவில்லை. எல்லாருக்கும் அவர் விலைவாசி. "விலைவாசி வந்துட்டாரா?" "விலைவாசியைக் கேட்டுச் சொல்றேன்." தபால்காரர்கூட ஒரு தடவை தவறிப்போய் அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவருக்கோ இதில் வருத்தம் ஏதும் இல்லை, உள்ளூரப் பெருமைதான்.

நாலு வருடமாக ஒரு சின்ன மின்சாரக் காரை வாங்கப்போகிறார். பெரிய ஆசையெல்லாம் இல்லை. நாலு பேர் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு உட்காருகிற, ஒரு வாரத்துக் காய்கறிப் பையைப் பின்னால் திணிக்கிற அளவுக்கு ஒரு கார். முதல் வருடம், ஒரு சார்ஜில் இருநூறு கிலோமீட்டர் ஓடுகிற கார் வந்தது. "முந்நூறு வரட்டும்" என்றார். அச்சகம் வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர். முந்நூறு வந்தது. "சார்ஜ் ஏற ரொம்ப நேரம் ஆகுதே" என்றார். அதுவும் குறைந்தது. "விலை?" என்றார்.

விலை இறங்கினால் வாங்கிவிடுவார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அங்கேதான் ஏமாந்தீர்கள். விலை ஏறினால், "இதெல்லாம் செயற்கையா ஏத்தறது, தானா இறங்கும், பொறுங்க" என்பார். அப்படியே நின்றால், "இறங்கறதுக்கு முன்னாடி இப்படித்தான் கொஞ்ச நாள் நிக்கும்" என்பார். நிஜமாகவே இறங்கிவிட்டதா? கேட்கவே வேண்டாம். "பாத்தீங்களா, ஆரம்பிச்சிடுச்சு! இறங்கிக்கிட்டு இருக்கும்போது எவனாவது போய் வாங்குவானா?"

ஊரில் உள்ள விற்பனைக் கூடங்கள் மூன்றிலும் அவர் காலடி படாத சனிக்கிழமை கிடையாது. பழைய விற்பனையாளர்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவர் தலை தெரிந்தவுடன், அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் மட்டும் வாயெல்லாம் பல்லாக ஓடி வருவார். அவரை அழைத்துக்கொண்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, நான்கு கதவுகளையும் தனித்தனியே மூன்று முறை சாத்திச் சத்தம் கேட்டு, அச்சகத்திலிருந்து கொண்டுவந்த டேப்பால் டிக்கியை நீளம் அகலம் அளந்து, அங்கே கொடுக்கிற காபியில் இரண்டு குடித்து, கடைசியில் அந்தப் பையனின் தோளைத் தட்டி, "நல்ல வண்டி. அடுத்த மாடல்ல பாக்கலாம்" என்று விடைபெறுவார். அடுத்த சனிக்கிழமை அந்தப் பையனுக்கும் போன் வந்துவிடும்.

அப்படியானால் மனிதர் தினமும் வேலைக்கு எப்படிப் போகிறார்? கட்டடத்தில் ஐந்து பேரிடம் மின்சாரக் கார் இருக்கிறது. வாரத்தில் வேலை நாளும் ஐந்து. இதற்கு மேல் நான் விளக்க வேண்டுமா?

ஏறி உட்காருவார். பெல்ட்டை மாட்டிக்கொள்வார். ஏ.சி. காற்றைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். பிறகு மெதுவாக ஆரம்பிப்பார்.

"இதை என்ன விலைக்கு எடுத்தீங்க?"

போன வாரமும் இதே கேள்வியைக் கேட்டு இதே பதிலை வாங்கியவர்தான். ஆனாலும் அந்தத் தொகையைக் காதில் வாங்கியதும் கண்ணை மூடி ஓர் "அடடா" சொல்வார் பாருங்கள், துக்க வீட்டு வாசலில்கூட அப்படி ஓர் அடடாவை நீங்கள் கேட்டிருக்க முடியாது. "ஆறு மாசம் பொறுத்திருக்கலாம். போகட்டும், விடுங்க. சிக்னல் விழுந்துடுச்சு, ஓட்டுங்க."

வெள்ளிக்கிழமை முறைக்காரர் கீழ்வீட்டுப் பல் டாக்டர். இரண்டே வயதான வெளிர்பச்சைக் கார் அவருடையது. அடுத்தவர் வாய்க்குள் கையை விடும்போது மட்டும் தைரியசாலி, மற்றபடி லிஃப்ட் கொஞ்சம் குலுங்கினாலே படியில் இறங்கிப் போய்விடுகிற சுபாவம். விலைவாசியின் அடடா அவர் வயிற்றில் போய் விழும். வெள்ளிக்கிழமைகளில் அவருக்கு மத்தியானச் சாப்பாடு இறங்குவதில்லை என்று அவருடைய உதவியாளர் சொல்கிறார்.

இனி விலைவாசியின் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வகத்தில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. பதினாறு வருடமாக முடிவுகளை அவர் எழுதுவார், கீழே கையெழுத்தை இன்னொருவர் போடுவார். போகவும் வரவும் பஸ். உட்கார இடம் கிடைத்தால் அது நல்ல நாள். அந்த அம்மாள் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார்.

"ஏங்க, ஒரு விஷயம். எங்க ஆஸ்பத்திரிக்காரங்களே ஊருக்கு அந்தப் பக்கம் புதுசா லேப் திறக்கறாங்க. என்னை ஹெட்டா வரச்சொல்லிக் கேக்கறாங்க."

விலைவாசி துள்ளி எழுந்தார். அவருக்கு மனைவி மேல் இருக்கிற பிரியத்தில் கலப்படம் கிடையாது. கண்ணே கலங்கிவிட்டது. "கையெழுத்து நீதானே போடுவே? நீதானே?" என்று இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

"நான்தான் போடுவேன். ஆனா காலையில ஆறரைக்கு அங்க இருக்கணும். நம்ம ஸ்டாப்புக்கு முதல் பஸ்ஸே ஆறேகாலுக்குத்தான் வருது, அதுலயும் ரெண்டு பஸ் மாறணும். கார் இருந்தா ஒத்துக்கலாம், இல்லேன்னா முடியாது. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லலேன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

"வெள்ளிக்கிழமையா!" விலைவாசியின் முகம் வாடிவிட்டது. "பதினெட்டாம் தேதி புது மாடல் அறிவிக்கறாங்களே."

"அதுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு."

"மூணே மூணு வாரம். நாலு வருஷம் பொறுத்தவங்களுக்கு மூணு வாரம் பெரிசா? உங்க ஆஸ்பத்திரியில கொஞ்சம் பொறுக்கச் சொல்லேன்."

"ரத்தத்தைக் கையில வெச்சுக்கிட்டுப் பொறுக்க முடியாதுங்க."

அவர் அலமாரியைத் திறந்து தம்முடைய புத்தகத்தை எடுத்து வந்தார். அச்சகத்தில் மிஞ்சிய வழவழப்பான காகிதத்தில், ஆறு வண்ணத்தில், அவரே அச்சடித்துத் தைத்த நாற்பது பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கோடு மேலிருந்து கீழே சறுக்கிக்கொண்டு போகும். "இதைப் பாரு, இங்க பாரு, இந்தச் சரிவைப் பாரு" என்று அவர் பக்கங்களைப் புரட்ட, அந்த அம்மாள் நிஜமாகவே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசிப் பக்கத்தில் நின்றார். 'பழைய மின்சாரக் கார் வாங்குவோர் சோதிக்க வேண்டிய பதினான்கு விஷயங்கள்' என்று இருந்தது.

"இதை நான் வெச்சுக்கட்டுமா?"

விலைவாசி புத்தகத்தின் அட்டையைத் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். நாலு வருடத்தில் அந்தப் புத்தகத்தை ஒருவர் கேட்டு வாங்குவது அதுதான் முதல் தடவை. எதற்குக் கேட்கிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை. புகழ்ச்சி வரும்போது யாருக்குத்தான் கேள்வி தோன்றும்?

மறுநாள் புதன்கிழமை காலை. புதன் முறைக்காரருக்குக் காய்ச்சல் என்பதால் பல் டாக்டரின் காரில் போக வேண்டியதாயிற்று. டாக்டருக்கு அது எதிர்பாராத அடி. வெள்ளிக்கிழமைக்குத்தான் அவர் மனத்தைத் தயார் செய்து வைத்திருந்தார்.

"சார், உண்மையைச் சொல்லுங்க" என்று அவரே கேட்டுவிட்டார். "இந்த வண்டிக்கு இப்ப என்ன கிடைக்கும்?"

விலைவாசி டாக்டரின் விசிட்டிங் கார்டு ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு தொகையை எழுதினார். டாக்டர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார்.

"இவ்வளவுதானா?"

"இதுவும் இன்னிக்குத்தான். பதினெட்டாம் தேதிக்கு அப்புறம் சும்மா குடுத்தாலும் யோசிப்பாங்க."

"இந்த விலைக்கு யார் சார் வாங்குவா?"

"எங்கயாவது ஒரு ஏமாளி இருப்பான் டாக்டர். மாட்டினா யோசிக்காதீங்க. அன்னிக்கே தள்ளி விட்டுடுங்க."

அன்று டாக்டர் மேல் பல்லுக்குப் பதில் கீழ்ப் பல்லில் ஆரம்பித்துவிட்டாராம். நல்ல வேளை, வந்தவருக்குப் பல் சுத்தம் செய்கிற வேலைதான். வியாழக்கிழமை காலை, விலைவாசி வேலைக்குப் போன பிறகு, கட்டடத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் தொங்கியது: வெளிர்பச்சைக் கார், இரண்டு வயது, இன்ன விலை. விலைவாசி எழுதித் தந்த அதே விலை. அன்று அச்சகத்தில் ஏதோ அவசர வேலை, விலைவாசி வீட்டுக்கு வரத் தாமதமாயிற்று. வந்தபோது பலகையில் காகிதம் இல்லை. அப்படி ஒன்று இருந்ததும் அவருக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல் கீழே இறங்கினார். டாக்டர் காரில்லாமல், கையில் பையோடு, வாசலில் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"வித்துட்டேன் சார்! நீங்க சொன்ன விலைக்கே கொடுத்துட்டேன்."

"பலே! யார் அந்த ஏமாளி?"

டாக்டர் இருமினார். பிறகு தம்முடைய ஷூவைப் பார்த்தார். "அதோ, அவங்களே வர்றாங்க."

கட்டடத்தின் பின்பக்கமிருந்து வெளிர்பச்சைக் கார் சத்தமில்லாமல் வந்து நின்றது. உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, வெள்ளைக் கோட்டோடு, விலைவாசியின் மனைவி.

"நீயா?"

"நான்தான். என் சேமிப்புலேர்ந்து எடுத்துட்டேன். உங்க கிட்டச் சொல்லியிருந்தா பதினெட்டாம் தேதி வரைக்கும் பேசியிருப்பீங்க. அதுவும் நல்லாத்தான் இருக்கும், ஆனா வேலை போயிடுமே."

விலைவாசி வாயைத் திறந்தார். அவருடைய நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். விலை அதிகம் என்று சொன்னால், அந்த விலையை எழுதியது யார்? அவரேதான், சொந்தப் பேனாவால். விலை குறைவு என்று சொன்னால், கொடுத்தவர் ஒன்றரை அடி தூரத்தில் பையோடு நிற்கிறார். இரண்டும் இல்லை, சரியான விலைதான் என்று சொல்லலாமே என்கிறீர்களா? அந்த வார்த்தையை அவர் பிறந்ததிலிருந்து எந்தப் பொருளைப் பற்றியும் சொன்னதில்லை. ஆகவே திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. டாக்டர் தொழில் பழக்கத்தில் உள்ளே எட்டிப் பார்த்தார்.

ஒருவழியாக வாயை மூடிக்கொண்டு, பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். டாக்டர் பின்னால் ஏறிக்கொண்டார். நேற்று வரை தம்முடையதாக இருந்த காரில் அவருக்குப் பின் இருக்கை புதிது, முழங்காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்தார்.

"பதினாலும் பாத்தியா?" என்றார் விலைவாசி, குரல் இறங்கி.

"பாத்தேன். நேத்து ரெண்டு மணி நேரம் டாக்டரை நிக்க வெச்சுப் பாத்தேன். பதினொண்ணாவதுல மட்டும் கொஞ்சம் குறை. பின் டயர் ரெண்டும் தேய்ஞ்சிருக்கு."

"அதுக்கு விலையில கழிச்சியா?"

"ஒரு டயருக்குக் கழிச்சேன். பாவம், நல்ல மனுஷன்."

விலைவாசி விரல்விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு அவருக்கே தெரியாமல் முகம் மலர்ந்துவிட்டது. தன் புத்தகத்தைப் படித்து ஒருத்தி கார் வாங்கியிருக்கிறாள், அதுவும் தன் வீட்டுக்காரி! "சபாஷ்!" என்றார், முழு மனத்தோடு. "நேரா ஆஸ்பத்திரிக்கு விடு. முதல்ல போய்ச் சரின்னு சொல்லு. நான் அச்சகத்துக்கு நடந்து போய்க்கறேன்."

"நீங்க நடக்க வேணாம், வழியில இறக்கி விடறேன்" என்றார் அந்த அம்மாள். இப்போது புது ஆய்வகத்தின் ஒவ்வொரு அறிக்கையின் கீழும் அவர் கையெழுத்துதான் இருக்கிறது, சற்றுப் பெரியதாகவே.

அன்று காரில், பின்னாலிருந்து டாக்டர் தொண்டையைச் செருமினார். "சார், அப்ப நான் அடுத்த வண்டியை எப்ப வாங்கலாம்?"

விலைவாசி ஏ.சி. காற்றைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு பின்னால் திரும்பினார். "பொறுங்க டாக்டர். இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்."

டாக்டர் இன்றுவரை பொறுத்துக்கொண்டிருக்கிறார். புது வண்டிகளின் விலையெல்லாம் இப்போது அவருக்கு விரல் நுனியில். சாப்பாடும் நன்றாக இறங்குகிறதாம்.

அதெல்லாம் சரி, பதினெட்டாம் தேதி அந்தப் புது மாடலுக்கு என்ன விலை அறிவித்தார்கள் என்று உங்களுக்கு உள்ளே குறுகுறுக்கிறது, இல்லையா? அந்த அம்மாள் பதினெட்டாம் தேதிவரை பொறுத்திருந்தால் எவ்வளவு மிச்சமாகியிருக்கும் என்று மனக்கணக்குக்கூட ஆரம்பித்துவிட்டீர்கள். நான் சொல்லப்போவதில்லை. ஆனால் உங்களிடம் ஒன்றை மட்டும் ரகசியமாகச் சொல்லிவைக்கிறேன். நாலு மாதமாகவோ நாலு வருடமாகவோ நீங்களும் எதையோ விலை பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் அல்லவா? உங்கள் வீட்டில் ஒருவர் அதைப் பற்றி முடிவெடுத்து முடித்தாயிற்று. உங்களிடம்தான் இன்னும் சொல்லவில்லை.