சொந்தக்காரர் இல்லாத தீவு தேவை

எஸ்தான்சியா,
டிசம்பர் 13.

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் சாமியார் வென்செஸ்லாவோ பால்மாரஸ் அவர்களுக்கு,

உங்கள் தங்கை பெலிங்கின் கணவன் தியோடுலோ தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு நான், பெலிங், மகள் மரிவிக், மாப்பிள்ளை ரோமெல், பேரப்பிள்ளைகள் எல்லோரும் நலம். உங்கள் சின்னத் தங்கை கொன்சோர்சியாவும் அவள் வீட்டுக்காரரும், புது வீடு கட்டி முடிக்கிற வரைக்கும் என்று சொல்லி வந்து, ஒன்பது வருடமாக எங்களோடு நலமாகவே இருக்கிறார்கள். அக்கரையில் உங்கள் சர்க்கரை வியாதியும் பங்கு மக்களும் ஒழுகுகிற கோயில் கூரையும் எப்படி இருக்கின்றன? உங்களை மச்சான் என்று எழுதுவதா, சாமி என்று எழுதுவதா என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தடுமாற்றம். இந்தக் கடிதத்தில் பாதி மச்சானுக்கு, பாதி சாமிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். திட்டு வருகிற இடமெல்லாம் மச்சானுக்கு.

போனில் பேசியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் ஒட்டுப்பலகை என்பது உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து ஆசீர்வாதம் வரும். அதனால்தான் மீன் ஏலக் கொட்டகையில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். படகுக்காரன் கவுதென்சியோ அக்கரைக்கு வரும்போது உங்கள் கையிலேயே கொடுப்பான்.

விஷயம் இதுதான். நான் ஐஸ் ஆலையில் ஓய்வு பெற்றுவிட்டாலும் அவர்கள் கிறிஸ்துமஸ் விருந்துக்கு என்னை மறக்காமல் கூப்பிடுகிறார்கள். இந்த வருடம் குலுக்கலில் முதல் பரிசு எனக்கு விழுந்துவிட்டது. நாட்டில் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போகலாம். கிறிஸ்துமஸ் வாரத்தில் இரண்டு பேருக்கு மூன்று நாள் தங்கலும் பயணமும் இலவசம். ஊரை மட்டும் நாமே தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டும். மேடையில் என் பெயரைக் கூப்பிட்டதும் நான் போட்ட குதியில் முழங்கால் இன்னும் வலிக்கிறது. உங்கள் தங்கையோ, இரண்டாம் பரிசாக மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு போனவளையே ஏக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு பேர்! மச்சான், இந்த இரண்டு வார்த்தையில்தான் என் உயிரே இருக்கிறது. கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் நானும் பெலிங்கும் மட்டும் ஒரு கூரையின் கீழ் ஒரு நாள் இருந்ததில்லை. தேனிலவுக்குப் பாகியோ மலைக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? இல்லாமல் இருக்குமா, நீங்களும்தானே வந்தீர்கள்! அப்போது குருமடத்தில் படித்துக்கொண்டிருந்தீர்கள். மலைப்பாதையில் பெண்ணைத் தனியாக அனுப்பக் கூடாது என்று உங்கள் அம்மா கிளம்பினார். தனியாகவாம்! அப்படியென்றால் நான் யார், சுமைதூக்கியா? அம்மாவுக்குத் துணையாக நீங்கள். கிடைத்தது ஒரே அறை. குளிருகிறது என்று அம்மா எங்கள் இருவருக்கும் நடுவில் படுத்துக்கொண்டார். நீங்கள் மூலையில் முழந்தாளிட்டுச் சத்தமாக ஜெபமாலை சொன்னீர்கள். அந்த ஆல்பத்தில் நானும் என் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றிலும் உங்கள் அம்மா ஸ்ட்ராபெரிக் கூடையோடு நடுவில் நிற்கிறார். ஆண்டவர் அவருக்கு நித்திய இளைப்பாற்றியைத் தருவாராக. அங்கேயாவது அவருக்குத் தனி அறை கிடைத்திருக்கட்டும்.

ஆகவே மறுநாளே பேரனின் பள்ளிக்கூட வரைபடத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தேன். ஏழாயிரத்துச் சொச்சம் தீவுகள் உள்ள நாட்டில் இரண்டு பேருக்கு இடமா இல்லை என்று நினைத்தேன். உங்கள் குடும்பத்தை மறந்துவிட்டு நினைத்த நினைப்பு அது.

“பாகியோ போவோமா? போன தடவை பார்க்காததையெல்லாம் பார்க்கலாம்” என்று பெலிங்கிடம் ஆரம்பித்தேன்.

“அங்க லூர்தெஸ் இருக்காளே, எங்க சித்தப்பா பொண்ணு. அந்த ஊருக்குப் போயிட்டு ஹோட்டல்ல தங்கினா அவ மூஞ்சில எப்படி முழிக்கிறது? அவ வீட்லதான் தங்கணும். அங்க ஏற்கெனவே பதினோரு பேரு.”

“பலவான் தீவு?”

“என் ஞானமகன் இருக்கான்.”

“அவன் ஜெயிலராச்சே!”

“இருந்தா என்ன? குவார்ட்டர்ஸ் பெருசு. ஜன்னலெல்லாம் கம்பி போட்டு நல்லா பந்தோபஸ்தா இருக்கும்.”

“போஹோல்?”

“உர்பானா அத்தை இருக்காங்க. மாளிகை மாதிரி வீடு, ஆளில்லாம ஏங்கிப் போய்க் கிடக்காங்க. போனா ஒரு வாரத்துக்கு விடமாட்டாங்க.”

“சொல்லாமப் போயிட்டு வந்தா?”

“எவளாவது நம்மளப் படம் புடிச்சு ஃபேஸ்புக்ல போடுவா. அப்புறம் சாவுக்குக்கூட யாரும் வரமாட்டாங்க.”

நான் பேனாவால் ஒவ்வொரு ஊராக அடித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் வரைபடத்தில் மிஞ்சியது கடல்தான். என் பக்கத்தில் இந்தத் தொல்லையே கிடையாது. எங்கள் சுமகய்சாய் குடும்பம் சோம்பேறிக் குடும்பம். பிறந்த தெருவிலேயே செத்துப் போவோம். உங்கள் பால்மாரஸ் குடும்பம்தான் தேங்காய் மாதிரி மிதந்து மிதந்து, ஒதுங்கின கரையிலெல்லாம் முளைத்திருக்கிறது.

இதற்குள் செய்தி வீடு முழுக்கப் பரவிவிட்டது. கொன்சோர்சியா அண்டா மூடி அகலத்தில் ஒரு தொப்பி வாங்கிக்கொண்டு வந்து நின்றாள்.

“அத்தான், நாங்க ரெண்டு பேரும் சும்மா ஒட்டிக்கிறோம். தரையில படுத்துக்குவோம், உங்களுக்கு ஒரு இடைஞ்சலும் இருக்காது. கரோக்கே மெஷினை எடுத்துக்கிறோம், பொழுது போகணுமில்ல.”

பரிசுச் சீட்டில் ‘இருவர்’ என்று அச்சடித்திருந்ததைக் காட்டினேன்.

“அது ரெண்டு கட்டில்னு அர்த்தம் அத்தான். கட்டில்ல குறுக்க படுத்தா ஆளு அஞ்சு.”

மாப்பிள்ளை ரோமெல் தன் பங்குக்கு, “நான் வண்டி ஓட்டுறேன் மாமா” என்றான்.

“தீவுக்கா?”

“துறைமுகம் வரைக்கும் மாமா. அப்புறம் உங்களோடவே வந்துடறேன், திரும்ப ஓட்டணுமில்ல.”

நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே நடந்துவிட்டேன். நேராகப் படகுத்துறைக்குப் போய்க் கவுதென்சியோவைப் பிடித்தேன். அவன்தான் திகாலாவ் என்று ஒரு குட்டித் தீவைச் சொன்னான். நான்கு வீடு, ஒரு விடுதி, கொஞ்சம் ஆடுகள், அவ்வளவுதான் என்றான்.

“அங்க பால்மாரஸ்னு யாராச்சும் இருக்காங்களா?”

“ஏண்ணே, யாரையாச்சும் தேடுறீங்களா?”

“இல்லாம இருக்கணும்னு தேடறேன்.”

அடுத்த நாளே நேரில் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். டிசம்பர் வாடைக்காற்றில் அந்த ஓட்டைப் படகில் ஏறுவதற்கு எனக்குப் புத்தி பேதலித்திருக்க வேண்டும். முதல் அலையில் தொப்பி போனது, இரண்டாவதில் காலைச் சாப்பாடு போனது, மூன்றாவதில் பல்செட்டும் போகப் பார்த்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு கர்த்தர் கற்பித்த ஜெபத்தை மூக்கால் சொன்னேன். கரையில் போய் விழுந்ததும், ஈரம் சொட்டச் சொட்ட விடுதிக்காரர் திபுர்சியோவிடம் விசாரணை நடத்தினேன். அவர் குடும்பப் பெயர், அவர் மனைவியின் தாய் வீட்டுப் பெயர், அந்த மனைவியின் அம்மாவின் பெயர், பக்கத்து வீட்டுக்காரர்களின் பெயர்கள், ஆட்டுக்குச் சொந்தக்காரர் பெயர். ஒரு பால்மாரஸ்கூட இல்லை! நான் சிரித்த சிரிப்பில் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“ஐயா வேற யாரோடவாச்சும் வர்றீங்களா?”

“பெண்டாட்டியோடதான்.”

“கட்டின பெண்டாட்டியோட வர்றதுக்கா இவ்வளவு விசாரணை?”

அறை ஒன்று, கட்டில் ஒன்று, ஜன்னலைத் திறந்தால் கடல். உடைந்த நாற்காலியைத் தவிர மூன்றாவது ஆள் உட்கார இடமில்லை. வீடு திரும்பினபோது பெலிங் சமையலறையில் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், “அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டு மீனைக் கழுவ ஆரம்பித்தாள். நான் மூச்சு விடாமல் திகாலாவைப் பற்றிச் சொல்லி முடித்தேன்.

“அங்க யாரு இருக்கா?” என்றாள்.

“யாருமே இல்ல!”

“யாருமே இல்லாத எடத்துல மூணு நாள் என்னங்க பண்றது?”

“பேசலாம்.”

“என்னத்தப் பேசறது? உப்பு இருக்கா, கரண்டு பில் கட்டியாச்சா, இதைத்தானே இத்தனை வருஷமாப் பேசிக்கிட்டிருக்கோம். அதுக்கு மேல நம்ம ரெண்டு பேருக்கு நடுவுல என்ன இருக்கு? அதுவும் கிறிஸ்துமஸ் அன்னிக்கு, நடுராத்திரி விருந்துக்குப் பிள்ளைங்களை விட்டுட்டு அம்மாக்காரி ஊர் சுத்தினா ஆண்டவர்தான் மன்னிப்பாரா?”

சத்தமாகவே சொல்லிவிட்டு மீன் பக்கம் திரும்பிக்கொண்டாள். மச்சான், எனக்கு அது வலித்தது. படகில் பட்ட அடியெல்லாம் ஒன்றுமே இல்லை. எனக்கு அவளிடம் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. என்னவென்று கேட்டால் தெரியாது. சுற்றிலும் யாரும் இல்லாமல் இருந்தால் தானாக வாயில் வரும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு வயது அறுபத்து மூன்று. இன்னொரு குலுக்கலில் எனக்கு விழப் போவதில்லை. ஒரே ஒரு தடவை என் பெண்டாட்டியோடு தனியாக இருந்து பார்க்காமலே செத்துப் போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

இனி வருவது சாமிக்கு. பெலிங் நான் சொன்னால் கேட்க மாட்டாள், நீங்கள் சொன்னால் கேட்பாள். பங்கு முத்திரை குத்தின தாளில் நாலு வரி எழுதி அனுப்புங்கள். கிறிஸ்துமஸுக்குப் புருஷனோடு வெளியூர் போவது பாவமே இல்லை என்று எழுதுங்கள். திருக்குடும்பமே முதல் கிறிஸ்துமஸை வெளியூரில்தான் கழித்தது. சூசையப்பர் மாமியாரையும் மச்சானையும் கூட்டிக்கொண்டு பெத்லகேம் போனதாகச் சுவிசேஷத்தில் எங்காவது இருக்கிறதா? மாட்டுத் தொழுவமாக இருந்தாலும் தனித் தொழுவம். இடையர்கள் வந்தார்களே என்பீர்கள். வந்தார்கள், பார்த்தார்கள், போய்விட்டார்கள். புது வீடு கட்டி முடிக்கிற வரைக்கும் என்று ஒன்பது வருடம் தங்கவில்லை. மூன்று ராஜாக்கள்கூடப் பரிசு கொண்டு வந்தார்களே தவிர, அடுத்தவன் பரிசில் பங்கு கேட்கவில்லை. இதையெல்லாம் உங்கள் பாஷையில் கொஞ்சம் லத்தீன் கலந்து எழுதினால் போதும். பாகியோவில் எனக்குச் செய்த பாவத்துக்கு இதையே பரிகாரமாக ஏற்றுக்கொள்கிறேன்.

ஆண்டவர் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், குறைந்த சர்க்கரையையும், ஒழுகாத கூரையையும், நிறைந்த உண்டியலையும் தந்தருள வேண்டுகிறேன். எங்கள் வீட்டில் உள்ள அத்தனை பேரும் உங்களுக்குத் தோத்திரம் சொல்லச் சொன்னார்கள். உண்மையில் யாரும் சொல்லவில்லை, நான் கடிதம் எழுதுவதே யாருக்கும் தெரியாது.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள தங்கை புருஷன்,
தியோடுலோ சுமகய்சாய்.

பின்குறிப்பு, டிசம்பர் 22: மேலே எழுதினதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். காற்று அடங்காததால் கவுதென்சியோ இத்தனை நாளும் படகை எடுக்கவில்லை. கடிதம் என் சட்டைப் பையிலேயே கிடந்தது. உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன்.

நேற்றுக் காலை பெலிங் வீட்டையே மேஜைக்குக் கூப்பிட்டாள். பரிசுச் சீட்டைக் கொன்சோர்சியா கையில் கொடுத்தாள். “நீயும் உன் வீட்டுக்காரரும் போஹோலுக்குப் போயிட்டு வாங்க. உர்பானா அத்தைகிட்ட பேசிட்டேன். எல்லாரையும் அனுப்பி வைன்னாங்க. மரிவிக், நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைங்களோட கிளம்புங்க. அந்தக் கரோக்கேயை மறந்துடாதீங்க.”

“நீ வரலையாக்கா?”

“வீட்டுக்குக் காவல் வேணாமா? நாங்க ரெண்டு பேரும் இருந்துக்கிறோம்.”

விருந்துக்கு வாங்கி வைத்திருந்த பன்றித்தொடையையும் பாலாடைக்கட்டி உருண்டையையும்கூட அவர்களோடே கட்டி அனுப்பிவிட்டாள். இன்று காலை பஸ் கிளம்பியதும் நான் தெருவில் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றேன்.

“எத்தனை நாளா இந்தத் திட்டம்?” என்று கேட்டேன்.

“நீங்க மேப்பை விரிச்ச அன்னிலேருந்து. ஆளில்லாத தீவைத் தேடிக் கடல்ல விழுவானேன்? இருக்கிற ஆளுங்களை அனுப்பிட்டா இதுவும் தீவுதானே. வேற எதுக்குங்க சொந்தக்காரங்க இருக்காங்க?”

“பேச ஒண்ணுமே இல்லன்னு சொன்னியே!”

“கொன்சோர்சியா பலகைக்கு அந்தப் பக்கம் காதை வச்சுக்கிட்டு நின்னா. அவளுக்குக் கேக்கணும்னு சொன்னேன்.” வீட்டுப் பக்கம் நடந்துகொண்டே, “பேச ஒண்ணும் இருக்காதோன்னு கொஞ்சம் நிஜமாவும் பயந்துதான் இருந்தேன்” என்றாள்.

உங்களுக்குக் கடிதம் எழுதி வைத்திருப்பதைச் சொன்னேன். “எங்கண்ணனுக்கா? புருஷன் பெண்டாட்டி விஷயத்துல அவருக்கு என்னங்க தெரியும்!” என்று மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் இப்படிச் சிரிப்பாள் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. கருவாடு பொரித்து, இரண்டே தட்டு வைத்துச் சாப்பிட்டோம். வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தத்தை இன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது மச்சான், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

“சரி, சொல்லுங்க. என்னமோ பேசணும்னீங்களே” என்றாள்.

“இந்தப் பச்சைப் பாவாடை உனக்கு ரொம்ப நல்லா இருக்கு.” இத்தனை வருடம் சேர்த்து வைத்ததில் முதலில் வந்தது அதுதான்.

“இது கொன்சோர்சியாவோடது” என்றாள்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். ஒரே ஒரு காரணத்துக்காக அனுப்புகிறேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பூசை முடிந்ததும் படகேறி இங்கே சாப்பிட வருவீர்கள் அல்லவா? இந்த வருடம் தயவுசெய்து வராதீர்கள். கதவு சாத்தியிருக்கும், மச்சான் தட்டினாலும் திறக்க மாட்டோம், சாமி தட்டினாலும் திறக்க மாட்டோம். மீதியை நான் உங்களிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்வதாக இல்லை.