அவரைப் பந்தலும் அனுபவமுள்ள வேட்டைக்காரர்களும்

மான் வேட்டைக்கு அனுமதி வேண்டும். அனுமதிக்கு அனுபவம் வேண்டும். அனுபவத்துக்கு மான் வேண்டும். மானுக்கு அனுமதி வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ள வெள்ளியங்கிரிக்கு ஒரு புரட்டாசி மாதம் முழுக்கப் பிடித்தது.

2005. நியூ ஜெர்சி. வெள்ளியங்கிரி பொள்ளாச்சிப் பக்கத்து ஆள். டெலிபோன் கம்பெனியில் இன்ஜினியர். கோபம் சீக்கிரம் வரும், பேச்சு சீக்கிரம் வராது. அவர் மனைவி கலாவதி வீட்டுக்குப் பின்னால் அவரைப் பந்தல் போட்டிருந்தாள். போன வருஷம் அந்தப் பந்தலில் பூ வந்தது, பிஞ்சு வந்தது, மான் வந்தது. முடிந்தது. ஒரு காய் அவள் வாயில் படவில்லை.

"ஏனுங்க, இந்த வருஷமாச்சும் நம்ம கொடியில காச்ச அவரைக்காயில ஒரு வாய் பொரியல் நான் தின்னோணும். ஆகுமா ஆகாதா?"

"ஆகும்."

சொல்லிவிட்டார். சொன்னால் செய்ய வேண்டுமே. வலை கட்டினார். மான் தாண்டியது. வாசனை சோப்பு தொங்கவிட்டால் வராது என்று ஆபீஸில் சொன்னார்கள். தொங்கவிட்டார். மான் சோப்பை முகர்ந்து பார்த்துவிட்டு இலையைத் தின்றது. சலூனிலிருந்து தலைமுடி வாங்கி வந்து தூவினார். அது யார் முடியோ, மானுக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று.

கடைசியில் வில்லே வழி என்று முடிவு செய்தார். பெயிண்ட் கம்பெனியில் வேலை பார்க்கும் நண்பர் நூர் முகம்மதையும் இழுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார். பரீட்சை எழுதினார். அட்டை மானின் நெஞ்சில் அம்பு எய்து காட்டினார். லைசென்ஸ் வந்தது. நியூ ஜெர்சி அரசாங்கம் அவரை நம்பிவிட்டது.

ஆனால் சட்டப்படி வீடுகளுக்குப் பக்கத்தில் அம்பு எய்யக் கூடாது. மான் வருவது பின்னால் இருந்த காட்டிலிருந்து. அந்தக் காடு ராரிட்டன் கரைத் தமிழ்ப் பேரவைக்குச் சொந்தம். மாபெரும் தமிழ் மாளிகை கட்டுவதற்காக வாங்கிய நிலம் அது. மாளிகைக்குக் கிழக்கு வாசலா வடக்கு வாசலா என்பதில் கருத்து வேறுபாடு. வேறுபாடு தீருவதற்குள் மரம் வளர்ந்தது. மரத்துக்கு மான் வந்தது. பேரவையின் சொத்தை இதுவரை முழுமையாக அனுபவித்தது மான் மட்டும்தான்.

அனுமதி கேட்டுப் போனார். பேரவை உடனே உபகுழு அமைத்தது. பெயர், "வில்வேட்டைக் கால அனுபவப் பகிர்வு மற்றும் ஆலோசனை உபகுழு." தலைவர் மணியன். சுத்த சைவம். முட்டை போட்ட கேக் இருக்கும் மேஜையில்கூட உட்கார மாட்டார். அதனால்தான் தலைவர். நடுநிலை.

அப்போது வேட்டை ஃபேஷனாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். முந்தின வருஷம் கோல்ஃப். ஆபீஸ் மேனேஜர்கள் கோல்ஃபை விட்டு வில்லைத் தூக்கினார்கள். உடனே நம் ஆட்களும் இலை போட்ட ஜாக்கெட் வாங்கினார்கள். அதைப் போட்டுக்கொண்டு மாலுக்குப் போனார்கள், டேகேருக்குப் போனார்கள், ஒருவர் சீமந்தத்துக்குப் போனார். காட்டுக்கு மட்டும் யாரும் போகவில்லை. காட்டில் குளிர்.

புரட்டாசி முதல் சனிக்கிழமை, நூலகத்து அறையில் அனுபவப் பகிர்வு. புளியோதரை, தயிர்சாதம். மணியன் தொண்டையைச் செருமினார்.

"அனுமதி கோருபவர்கள் தத்தம் முன்அனுபவத்தை அவைக்கு அறியத் தரவும்."

முதலில் எழுந்தவர் செல்வராஜ். இந்தியாவிலிருந்து ஆள் எடுத்துக் கம்பெனிகளுக்கு அனுப்பும் கன்சல்டன்சி வைத்திருந்தார். அவர் கை பட்டால் நேற்று காலேஜ் முடித்தவனுக்கு ஏழு வருஷ அனுபவம் வந்துவிடும்.

"நான் டெக்ஸாஸ்ல, ரிச்சர்ட்ஸன்ல டெலிகாம்ல இருந்தப்போ ஒரு பக், அதான் ஆண் மான், அடிச்சேன். எட்டுக் கிளைக் கொம்பு. என்னைப் பார்த்துச்சு. லெஃப்ட்ல திரும்பிச்சு. ஒரே அம்பு. ஸ்பாட்ல அவுட்."

கைதட்டல். அடுத்தவர் எழுந்தார். அவரும் ரிச்சர்ட்ஸன். எட்டுக் கிளை. இடது பக்கம். ஒரே அம்பு. அதற்கு அடுத்தவர் டெக்ஸாஸையே பார்த்ததில்லை, ஆனால் அவர் மானும் இடது பக்கம்தான் திரும்பியது. அன்று மதியத்துக்குள் அந்த ஒரே மான் பதினோரு முறை செத்தது.

அனந்தலக்ஷ்மி மட்டும் வேறு மாதிரி சொன்னார். "நான் லிவர்மோர்ல இருந்தப்போ மலைப்பாதையில டிரைவ் பண்ணிட்டுப் போறேன். குறுக்க ஒண்ணு வந்துச்சு. இடிச்சுட்டேன். மானும் போச்சு, ஹோண்டாவும் போச்சு."

"வில் இல்லையேம்மா" என்றார் மணியன். "அரை அனுபவம்."

வெள்ளியங்கிரி முறை வந்தது.

"அனுபவம் இல்லை" என்றார்.

புளியோதரைக் கரண்டி பாதியில் நின்றது. இண்டர்வியூவில் வேட்டி அவிழ்ந்தவரைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

செல்வராஜ் அவரை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். "என்ன அங்கிள், பொசுக்குனு இல்லைன்னுட்டீங்க? யாருக்குத்தான் இருக்கு? ஒரு மூணு வருஷம் போட்டுக்கலாம். கேட்டா நான் ரெஃபரன்ஸ்."

"அது பொய்யி."

"பொய் இல்ல அங்கிள். ஃபார்மட்."

வெள்ளியங்கிரி வீட்டுக்கு வந்துவிட்டார். அடுத்த சனிக்கிழமையும் இல்லை என்றார். அதற்கடுத்த சனிக்கிழமையும். அதற்குள் மான் பந்தலின் கிழக்குப் பக்கத்தை மொட்டையடித்துவிட்டது. கலாவதி தட்டில் ரசத்தை ஊற்றினாள். ஊற்றிய விதத்தில் எல்லாம் இருந்தது.

புரட்டாசிக் கடைசி சனிக்கிழமை அவர் எழுந்தார். மூச்சு விடாமல் சொன்னார்.

"ரிச்சர்ட்ஸன். எட்டுக் கிளை. இடது பக்கம். ஒரே அம்பு."

கூரை அதிரக் கைதட்டினார்கள். "எவ்வளவு நேச்சுரலா சொன்னீங்க அங்கிள்!" என்று செல்வராஜ் கண் கலங்கினார். ஒரு மானுக்கு அனுமதி, ஏகமனதாக. ஒரே நிபந்தனை. புரட்டாசியில் உயிர்க்கொலை கூடாது என்பதால் வேட்டை ஐப்பசியிலிருந்து. கூடவே ஆலோசனைகள். மான் எதிரில் தும்மக் கூடாது. மானின் கண்ணைப் பார்க்க வேண்டும். மானின் கண்ணைப் பார்க்கக் கூடாது. மரத்தில் வடக்குப் பார்த்து உட்கார வேண்டும்.

ஐப்பசி பிறந்த சனிக்கிழமை விடியலில் வெள்ளியங்கிரி காட்டுக்குள் மரத்தில் இருக்கை கட்டி உட்கார்ந்தார். நூர் முகம்மது பக்கத்து மரத்தில். கால் மரத்தது. அணில் ஒன்று அவர் தொப்பிமேல் கொட்டை போட்டது. இருமலை விழுங்கினார். மான் வந்தது. கொம்பு இல்லை, பெண் மான். எதையோ மென்றுகொண்டே வந்தது. தன் வீட்டு அவரை இலைதான் என்று வெள்ளியங்கிரிக்குச் சந்தேகமில்லை. எய்தார். அம்பு மரத்தில் குத்தியது. மான் ஓடவில்லை, மரத்தைப் பார்த்தது. மறுபடி எய்தார். பட்டது. வலது பக்கம் ஓடியது.

தேடினார்கள். முள்ளுக்குள் கிடந்தது. வெள்ளியங்கிரி பக்கத்தில் உட்கார்ந்தார். அப்புறம் காலையில் குடித்த காபியை வாந்தி எடுத்தார்.

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும் போல அண்ணே" என்று நூர் முகம்மது முதுகைத் தடவினார். அவருக்கும் இதுதான் ஆரம்பம்.

சட்டப்படி மானைப் பதிவு நிலையத்துக்குக் கொண்டுபோய் முத்திரை வாங்கினார்கள். மறுநாள் கலாவதி சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில்லு போட்டு வறுவல் செய்தாள். பந்தலில் பறித்த முதல் அவரைக்காயைப் பொரியல் செய்தாள். உட்காரப் போன நேரத்தில் வாசலில் ஏழு கார். உபகுழு. ஆய்வு.

"எந்தப் பக்கம் திரும்பிச்சு?" என்றார் மணியன்.

"வலது."

உபகுழு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது.

"கொம்பு?"

"இல்லை. பொட்டை மான்."

"எத்தனை அம்பு?"

"ரெண்டு."

"அப்புறம்?"

"வாந்தி எடுத்தேன்."

செல்வராஜ் தலையில் கை வைத்தார். "அங்கிள், இண்டஸ்ட்ரியில யாருக்குமே வாந்தி வந்ததில்ல அங்கிள்."

பொரியல் சாப்பிட வந்திருந்த நூர் முகம்மதுக்குப் பொறுக்கவில்லை. "நான் பக்கத்து மரத்துலதான் இருந்தேன். மான்தான். இந்தாங்க, முத்திரை."

"முத்திரை அரசாங்கத்தோடது" என்றார் மணியன். "அரசாங்கம் நம்ம உபகுழுவுல உறுப்பினர் இல்லை. நீங்க இந்தக் கறியைச் சாப்பிட்டீங்களா?"

"இல்ல. நான் எய்திருந்தா பிஸ்மி சொல்லி எய்திருப்பேன், சாப்பிட்டிருப்பேன். இது அண்ணன் எய்தது."

"சாப்பிடாதவர் சாட்சியை எப்படி ஏற்பது?" என்றார், பிறந்ததிலிருந்து கறியே சாப்பிடாத மணியன். "அனுபவமுள்ளவர்கள் சுவைத்துச் சொல்லட்டும்."

அனுபவமுள்ளவர்கள் பதினோரு பேர். ஒருவரும் வாழ்நாளில் மான் கறியைக் கண்ணால் பார்த்ததில்லை. எல்லோரும் செல்வராஜைப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"மான் இன்னும் சாஃப்ட்டா இருக்கும்."

"ஆமா, இன்னும் சாஃப்ட்டா இருக்கும்" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"கடைசியில ஒரு பூ வாசம் வரும்."

"ஆமா ஆமா, பூ வாசம்."

உறுதி செய்துகொள்ள இன்னொரு முறை போட்டுக்கொண்டார்கள். நாக்கு குழம்பக் கூடாதே என்று நடுநடுவே அவரைப் பொரியல். அதை மட்டும் மணியனும் சுவைத்தார். "உப்பு ஒரு கல்லு கம்மி" என்றார். "ஆலோசனையாச் சொல்றேன்."

சட்டி காலி. பொரியல் சட்டியும் காலி. கலாவதி கரண்டியோடு நின்றாள். உபகுழு தீர்மானம் போட்டது. மேற்படி இறைச்சி ஆட்டிறைச்சியே. மான் எதுவும் அடிக்கப்படவில்லை.

"அப்ப நான் மான் அடிக்கலை?" என்றார் வெள்ளியங்கிரி.

"அடிக்கலை."

"எனக்குக் குடுத்த அனுமதி ஒரு மானுக்கு."

"ஆமாம்."

"அது இன்னும் பாக்கி இருக்குது."

மணியன் யோசித்தார். செல்வராஜ் யோசித்தார். ஓட்டை இல்லை. "இருக்கு" என்று ஒப்புக்கொண்டார்கள்.

அரசாங்கம் அந்தப் பகுதியில் பெண் மானுக்குத் தாராளமாக லைசென்ஸ் கொடுத்தது. அடுத்த சனிக்கிழமை இன்னொரு மான். ஞாயிற்றுக்கிழமை ஆய்வு. ஆடு. அதற்கடுத்த சனிக்கிழமை மூன்றாவது. அதுவும் ஆடு. அனுமதி தேயவே இல்லை. வீட்டுப் பக்கம் மான் வருவது நின்றது. பந்தல் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. வெள்ளியங்கிரி பின்வாசலில் நின்று மீசையைத் தடவினார்.

ஆனால் ஆய்வுக்கு இப்போது குடும்பத்தோடு வந்தார்கள். சுவையில் பெண்களுக்கே அனுபவம் அதிகம் என்று ஒரு திருத்தம் நிறைவேறியிருந்தது. குழந்தைகள் பந்தலுக்கடியில் ஓடின. அனந்தலக்ஷ்மி, அரை அனுபவக்காரர் என்பதால், நியாயமாக அரைத் தட்டு மட்டும் சாப்பிட்டார். இரண்டு தடவை.

"ஆன்ட்டி, அவரைக்கு நார் இன்னும் நல்லா எடுக்கணும்."

"தேங்காயைக் கடைசியில தூவணும் ஆன்ட்டி, முன்னாடி இல்ல."

"பந்தல் கொஞ்சம் தாழ்வா போட்டிருந்தா பறிக்க ஈஸியா இருந்திருக்கும்."

மூன்றாம் ஞாயிறு எல்லோரும் போன பிறகு கலாவதி பந்தலைப் பார்த்தாள். ஒரு கைப்பிடிக் காய் மிச்சமிருந்த இடத்தில் வெறும் காம்பு. கடைசிக் காயைச் செல்வராஜ் வீட்டம்மா பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு போயிருந்தார். சாம்பிளுக்கு.

"ஏனுங்க."

"ம்."

"அந்த மானு கூப்பிடாம வந்துச்சு, தின்னுச்சு, போச்சு. இதுங்க கூப்பிடாம வந்து தின்னுட்டு யோசனை வேற சொல்லுதுங்க. அந்த வலையைக் கழட்டுங்க."

"கலா..."

"கழட்டுங்கங்கறேன்."

வெள்ளியங்கிரி வலையைக் கழற்றினார். வில்லையும் பரணில் போட்டார். ஞாயிறு வறுவல் நின்றதும் ஆய்வும் நின்றது. மான் பிரச்சினை தனது ஆலோசனைகளால் முற்றிலும் தீர்ந்துவிட்டதாக உபகுழு அறிவித்தது. செல்வராஜுக்குப் பொன்னாடை.

உறைபனி விழுவதற்கு முன் ஒரு சாயங்காலம். கலாவதி சமையலறை ஜன்னலில் நின்றாள்.

"ஏனுங்க, இங்க வாங்க. ஆடு வந்திருக்குது பாருங்க."

வந்து பார்த்தார். ஒரு மான். கூடக் குட்டி.

"வரட்டும்" என்றார்.

காய் இல்லாத கொடியை அவை நின்று நிதானமாகத் தின்றன. இலை, தண்டு, காம்பு எல்லாம். தின்றுவிட்டுக் காட்டுக்குப் போயின. உப்பு கம்மி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.