படம் பார்த்த பின் ஞாபகம் வந்தவர்

நடக்காத ஒன்று ஒருவருக்கு ஞாபகம் வருமா? ஜெர்மனியின் மாக்டெபுர்க் நகரில் தொப்பிக் கடை வைத்திருந்த க்வாண்ட்டுக்கு வந்தது. கொட்டகையில் படம் மாறும்போதெல்லாம் வந்தது.

இவர் தனி ஆள் அல்ல, ஓர் இனம். போரில் தோற்று வீடு திரும்பும் சிப்பாய், ரயிலடியில் அவனை மறிக்கும் செங்கொடிக் கூட்டம், அவன் தோள்பட்டியைப் பிய்த்தெறியும் கை, பின்னால் அழும் வயலின் என்று நாஜிக் கட்சி ஆட்சியில் படம் மேல் படமாக வந்தபோது பல்கிப் பெருகிய இனம். முதல் படம் முடிந்ததும் பீர் கடையில் நண்பர்கள் வழக்கமாகக் கூடும் மேசையில், “என்னையும் லேசாத் தள்ளினாங்க” என்றார் க்வாண்ட். அடுத்த படத்தில் அவருடைய தோள்பட்டி போயிற்று. அதற்கடுத்ததில் மழை பெய்தது, அவரும் நனைந்தார்.

“மழையா?” என்றாள் மனைவி வில்மா. “நீங்க போர்லேர்ந்து திரும்பின அன்னிக்கு நல்ல வெயில். ஸ்டேஷன்ல ஈ காக்கா இல்ல. உருளைக்கிழங்கு மூட்டையோட நீங்க பாட்டுக்கு நடந்து வந்தீங்க.”

“உனக்கென்ன தெரியும்? நீ படம் பாத்தியா?”

மேசையோ நம்பியது. தலைமை நாற்காலியையே அவருக்குக் கொடுத்தது. பிறகு ஒருநாள் வட்டாரக் கட்சிக்காரர் ஷ்ராம் வந்தார்.

“ஞாயித்துக்கிழமை படத்துக்கு முன்னாடி மேடையேறுங்கண்ணே. பட்டியப் பிய்ச்சது யாருன்னு சொல்லுங்க. நம்ம செருப்புக்கடை டீட்ஸ்தானே?”

டீட்ஸ் போர் முடிந்த அந்தக் காலத்தில் செங்கொடிக்காரர்களின் சிப்பாய்கள் சபையில் இருந்தவர். பெயர் வெளியே வந்தால் அவர் போகும் இடம் வதைமுகாம். மேசையில் எல்லோருக்கும் தெரியும். க்வாண்ட் பீரைக் குடித்தார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை நிரம்பி வழிந்தது. வரச்சொல்லி ஆளனுப்பியிருந்ததால் டீட்ஸ் மூன்றாம் வரிசையில், முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

“யார் பிய்ச்சது? பயப்படாம கைகாட்டுங்க!” என்றார் ஷ்ராம்.

க்வாண்ட் தொண்டையைச் செருமினார். “என் பொண்டாட்டி” என்றார். “சட்டையத் துவைக்கணும்னு பிய்ச்சா.”

கொட்டகை சிரித்தது. ஷ்ராம் சிரிக்கவில்லை. மறுநாளே நாற்காலி போயிற்று. தொப்பி வாங்க வந்தவர்கள் எதிர்க் கடைக்குப் போனார்கள்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். “என் கண்ணால பார்த்தேன்” என்று நீங்கள் சொல்லும் கதைகளில் எத்தனைக்கு டிக்கெட் எடுத்திருந்தீர்கள்? அவசரமில்லை, யோசித்துப் பாருங்கள். அந்த மேடைக்கு உங்களைக் கூப்பிடும்வரை நேரம் இருக்கிறது.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று வில்மா பலமுறை கேட்டாள். ஊர் திரும்பிய அன்று போலவே நாளைக்கும் நல்ல வெயில் அடிக்கும் போலிருக்கிறது என்பார் க்வாண்ட்.