சம்பந்தப்பட்டவரைக் கேட்கவும்

"அக்கா, என் துணியை அப்படியே குடுத்துடுங்க. தைக்க வேண்டாம்."

காலையிலிருந்து இதையே சொன்ன ஆறாவது ஆள் மருந்துக்கடைக்காரர். டெய்லரக்கா மெஷினை நிறுத்தினாள்.

"என்னதான் ஆச்சு உங்களுக்கெல்லாம்?"

அவர் சங்கடத்தோடு போனை நீட்டினார். தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி: 'டெய்லரக்கா கடை இம்மாதத்தோடு மூடப்படுகிறது. துணி கொடுத்தவர்கள் உடனே வாங்கிக்கொள்ளவும். எல்லோருக்கும் பகிரவும்.'

வேறு யாரைப் பற்றி வந்திருந்தாலும் பரவாயில்லை. அந்தக் குழுவில் எந்தப் புரளியையும் முதல் ஆளாக மடக்குகிறவள் அவள்தான். போனை அரிசியில் புதைத்தால் சார்ஜ் ஏறும் என்று எவரோ அனுப்பியபோதுகூட, "சம்பந்தப்பட்டவங்களைக் கேட்டீங்களா? கேக்காம எதுக்கு அனுப்புறீங்க?" என்று கேட்டு வாயை அடைத்தவள்.

"என் கடைக்குச் சம்பந்தப்பட்டவ நான்தானே? என்னை ஒருத்தராவது கேட்டீங்களா?"

"அதான் இப்ப கேக்குறேனே. மூடுறீங்களா?"

"இல்ல!"

"அப்ப ரொம்ப சந்தோஷம்" என்றவர், துணியை வாங்கிக்கொண்டுதான் போனார்.

டெய்லரக்கா பன்னிரண்டு வருஷமாக மிதித்து மிதித்து நிலைநிறுத்திய கடை. இதை விட்டால் அவளுக்கும், காஜா எடுத்துப் பட்டன் கட்டும் தங்கச்சிக்கும் வேறு போக்கிடம் கிடையாது.

உடனே குழுவில் எழுதினாள்: 'கடை மூடவில்லை. இது வதந்தி.'

ட்யூஷன் டீச்சர் பதில் போட்டாள்: 'மூடுற யோசனை இருந்துச்சா அக்கா?' அதற்குக் கீழே பதினோரு பேர் கும்பிடும் கைகளைப் போட்டு, 'பன்னிரண்டு வருஷ சேவைக்கு நன்றி' என்றிருந்தார்கள்.

"ஆதாரம் போடுக்கா, அடங்கிடுவாங்க" என்றாள் தங்கச்சி.

கடையைப் படமெடுத்துப் போட்டார்கள். ஆளாளுக்குத் துணியைத் தூக்கிக்கொண்டு போனதில் அலமாரி துடைத்துவிட்டது மாதிரி இருந்தது. 'அடடா, காலியே பண்ணிட்டாங்களே!' என்றது குழு.

மறுநாள் சலுகை அறிவித்தாள்: இரண்டு சட்டை தைத்தால், ஒரு பேண்ட்டுக்கு ஓரம் அடிப்பது இலவசம். 'போறதுக்கு முன்னாடி கழிச்சுக் கட்டுறாங்க' என்றார்கள்.

"பெரிய போர்டா மாட்டுவோம்" என்றாள் டெய்லரக்கா. பெயின்டர் பழைய போர்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். அரைமணி நேரத்தில், போர்டு இல்லாத கடையின் படம் மூன்று குழுக்களில் சுற்றியது.

"வேர்லயே பிடிக்கிறேன்" என்று கிளம்பினாள். குழுவில் போட்டது ட்யூஷன் டீச்சர். டீச்சருக்கு அனுப்பியது தண்ணி கேன் வேன்காரர்.

"எனக்கு ஒரு புது நம்பர்ல இருந்து வந்துச்சுக்கா. பேர் கீர் எதுவும் இல்ல. எல்லாருக்கும் பகிரவும்னு போட்டிருந்துச்சு. பகிர்ந்துட்டேன்."

"யாருன்னே தெரியாம?"

"மரியாதையா கேட்டிருந்தாங்கக்கா."

அந்த நம்பருக்கு மூன்று தடவை அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"உண்மை பேசுறவன் எதுக்குப் போனை எடுக்காம இருக்கான்? பேரும் இல்ல, பதிலும் இல்ல. புரளின்னு உறுதியாச்சா?"

வேன்காரர் தலையாட்டினார். அன்று மாலையே குரல் பதிவில் மன்னிப்புக் கேட்டார். ட்யூஷன் டீச்சர் குழுவின் உச்சியில் குத்திவைத்தாள்: 'பொய்ச் செய்தி. சம்பந்தப்பட்டவரிடம் கேட்டு உறுதி செய்யப்பட்டது.'

சனிக்கிழமை கடை கொள்ளாத கூட்டம். போன துணியெல்லாம் திரும்பியது. குற்ற உணர்ச்சியில் சிலர் வீட்டுத் திரைச்சீலையையும் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். மருந்துக்கடைக்காரர் மூன்று சட்டைக்கு அளவு கொடுத்தார். வாசலில் புது போர்டு பளபளத்தது: 'டெய்லரக்கா. என்றென்றும் இங்கேயே.' அதைப் பார்த்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரர். மாடியைக் காலிசெய்துவிட்டுப் போன மாதம்தான் மகள் வீட்டோடு போயிருந்தார்.

"வாங்கய்யா! நல்ல நேரத்துல வந்தீங்க. நான் கடையை மூடுறேன்னு எவனோ கிளப்பிவிட்டுட்டான். அலைஞ்சு திரிஞ்சு பொய்ன்னு நிரூபிச்சுட்டேன்!"

பெரியவர் அலமாரியைப் பார்த்தார். போர்டைப் பார்த்தார். ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கட்டடத்தை வித்துட்டேன்மா. உன் முகத்தைப் பாத்துச் சொல்லத் தைரியம் வரல, நீ போன் அடிச்சப்பவும் பயந்துபோய் எடுக்கல. மக வாங்கிக் குடுத்த புது நம்பர்ல இருந்து அனுப்பி, எல்லாருக்கும் பகிரச் சொன்னா எப்படியும் உன் காதுக்கு வந்துடும்னு நெனச்சேன்... இத்தனை பேர் சொல்லியுமா நீ நம்பல?"