ஐஸ்கறி அண்ணனும் இருபது நிமிடமும்

ஒரு நாயின் வயிற்றுக்குப் பயந்தே வாழ்ந்த மனிதர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஐஸ்கறி அண்ணன் ஒருவர்தான். அவருடைய நிஜப் பெயர் கான்ட்ராக்டரின் நோட்டில் மட்டும் இருந்தது.

நான் எட்டாவதோடு பள்ளியை விட்டு, நாலைந்து ஊர் சுற்றி, நெய்வேலிச் சுரங்கத்தில் மண் ஏற்றிப்போகும் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை அள்ளும் வேலைக்கு வந்திருந்தேன். அவருக்கும் அதே வேலைதான், பதினோரு வருடமாக. டவுன்ஷிப்புக்கு வெளியே ஓர் ஆஸ்பெஸ்டாஸ் அறையில் நாங்கள் நான்கு பேர். கூடவே சீசர் என்ற லாப்ரடார்.

நாய் ஓர் ஆபீசருடையது. ஷிப்ட் முடிந்து அண்ணன்தான் அதைக் குளிப்பாட்டப் போவார். மாற்றலாகிப் போகும்போது ஆபீசர், "மூணு மாசத்துல ஆள் அனுப்பறேன். நீ இவனப் பாத்துக்க, உன் வேலைய பர்மனென்ட் பண்ற விஷயத்த நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி, ஒரு தாளில் விதிகளும் எழுதிக் கொடுத்தார்.

பச்சைக் கறி தின்று வளர்ந்த நாய். உறைந்த கறியை முந்தின நாளே மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்ற வேண்டும். வெயிலில் வைக்கக் கூடாது. இளகியதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது. தட்டில் வைத்து இருபது நிமிடத்தில் தின்னாததை எடுத்துவிட வேண்டும். பிறகு தட்டையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். எங்கள் தட்டுகள் சோப்பைப் பார்த்தே மாதக்கணக்காகியிருந்தது.

எங்களுக்கு ஃப்ரிட்ஜ் ஏது? இருந்தாலும் கரண்ட் ஏது? ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற ஊரின் வெளிப்பக்கத்தில் அது மின்வெட்டுக் காலம். குவார்ட்டர்ஸில் விளக்கு அணையாது. அங்கே ஒரு டீச்சரம்மா வீட்டு வாசலைப் பெருக்கிக் கொடுத்து, அவர் ஃப்ரிட்ஜில் ஃப்ரீசரில் ஒன்று, கீழ்த்தட்டில் ஒன்று என இரண்டு இடம் பிடித்தார் அண்ணன். ஞாயிறுதோறும் கறிக்கடையில் வேலை செய்து, கூலிக்குப் பதில் கறி வாங்கி அங்கே அடுக்குவார். தினமும் நாளைய டப்பாவைக் கீழே இறக்கிவிட்டு, இன்றைய டப்பாவை ஈரச்சாக்கில் சுற்றி சைக்கிளில் கொண்டுவருவார். தட்டை வைத்து, "சாப்பிடுங்க சார்" என்பார். ஆபீசர் வீட்டு நாயைப் பேர் சொல்லிக் கூப்பிட அவருக்கு வாய் வராது.

"அது பர்மனென்ட்டுண்ணே, நாமதான் கான்ட்ராக்ட்டு" என்பேன். அவர் சிரித்ததில்லை.

ஒருநாள் அவருக்கு டபுள் ஷிப்ட். கறி எடுத்துவர என்னை அனுப்பினார். நான் கீழ்த்தட்டைப் பார்க்காமல் ஃப்ரீசரில் இருந்ததை எடுத்துவந்தேன். கல்லாக இருந்தது. சீக்கிரம் இளகட்டுமென்று கூரை மேல் வெயிலில் வைத்தேன். சாயங்காலம் வந்தவர் முகர்ந்து பார்த்தார். விசாரித்தார். திட்டவில்லை. தெருநாய் தோண்டக் கூடாதென்று முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டினார். ரேஷன் அரிசியும் ரசமுமாக ஒரு மாதம் ஓட்டிய மூன்று பேர் சுற்றி நின்று, ஒரு கிலோ மாட்டுக்கறி மண்ணுக்குள் போவதைப் பார்த்தோம்.

"கழுவி வேகவெச்சா நாம தின்னலாமேண்ணே."

"தின்னு. நாளைக்கு வயித்தப் புடிச்சிகினு கெடப்ப. ரெண்டு நாள் ஷிப்டுக்குப் போவலன்னா உன் பேர அடிச்சிடுவான். இந்த சாருக்கு லீவு உண்டு. உனக்கு எவன்டா குடுப்பான்?"

அன்று நான் அவரை மனதுக்குள் வைத வார்த்தைகள் பத்திரிகையில் வராது.

மாதம் தவறாமல் ஆபீசருக்குப் போன் போட்டு, நாயின் எடை, மலம், முடி எல்லாம் ஒப்பிப்பார்; ஆபீசர் பாதியிலேயே வைத்துவிடுவார். மூன்று மாதம் ஒன்றரை வருடம் ஆனது. கடைசிப் போனை நாங்களும் ஸ்பீக்கரில் கேட்டோம்.

"அட, அது இன்னும் இருக்கா? நாங்க இங்க வேற குட்டி வாங்கிட்டோம்பா. நீயே வெச்சுக்க."

பர்மனென்ட் என்ற சொல் வரவில்லை. அண்ணனும் கேட்கவில்லை. "சரிங்க சார்" என்று வைத்தார். பிறகு தட்டை சோப்புப் போட்டுக் கழுவி, கறியை வைத்தார்.

"டேய் சீசரு, வாடா. தின்னு."

மறுநாளும் சைக்கிளை எடுத்துக்கொண்டு டீச்சரம்மா வீட்டுக்குப் போனார்.

அடுத்த மாதம் கான்ட்ராக்டர் மாறினார். புது நோட்டில் என் பேர் ஏறவில்லை. பஸ் ஏற்றிவிட அண்ணன் வந்தார், நாயோடு. ஜன்னல் வழியாக ஒரு பொட்டலம் நீட்டினார். தயிர்சோறு.

"வெயில் படற பக்கம் வெக்காத. பிரிச்சா வெச்சிகினு இருக்காத, ஒடனே தின்னுடு."

வண்டி பண்ருட்டிப் பக்கம் திரும்பியதும் பிரித்தேன். இருபது நிமிடம் ஆகவிடவில்லை.