மயக்கத்து ஆச்சியும் பீரோச் சாவியும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் ஆச்சியைப் போல ஊர் ஊராகச் சென்று மயங்கி விழுந்தவர் வேறொருவர் இருக்க முடியாது. அதைவிட அதிர்ச்சியான செய்தி, அவருக்கு உண்மையில் மயக்கமே வந்ததில்லை என்பது.

நாகர்கோவிலில் எங்கள் தெரு அவரை 'மயக்கத்து ஆச்சி' என்றே அழைத்தது. குடும்பத்துப் பெண்ணுக்கு வரன் வந்தால் மற்றவர்கள் மாப்பிள்ளையின் சம்பளத்தையும் ஜாதகத்தையும் விசாரிப்பார்கள். ஆச்சியோ கம்மலைக் கழற்றி வைத்துவிட்டு, சாயம்போன சேலையைச் சுற்றிக்கொண்டு, உச்சிவெயிலில் அந்த வீட்டுக்குப் போய், கேட்டைப் பிடித்தபடி மெல்லச் சரிவார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தேர்வு நடத்துவார். முதலில் ஓடி வருவது யார், தண்ணீர் செம்பில் வருகிறதா, குளியலறைக் கோப்பையில் வருகிறதா என்பதெல்லாம் கணக்கில் சேரும். தண்ணீர் கொடுக்கும் முன் "எந்த ஊரு, என்ன ஆளுவ?" என்று ஊரையும் சாதியையும் கேட்டுவிட்டால், மாப்பிள்ளை மாவட்ட ஆட்சியராகவே இருந்தாலும் அந்த வரன் முடிந்தது.

என் அத்தைக்குப் பார்த்த ஒரு வீட்டில், "கெளவி செத்துத் தொலைஞ்சா போலீசு கேசுன்னு அலையணும். தூக்கி அடுத்த வீட்டு வாசல்ல போடுங்கலே" என்றிருக்கிறார் வீட்டுக்காரர். போட்டும் விட்டார்கள். பொறுமையாகத் தூக்கிச் செல்லப்பட்ட ஆச்சி, அடுத்த வீட்டில் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, அங்கே கல்யாணமாகாத பையன் உண்டா என்று விசாரித்தார். இருந்தார். அவர்தான் இன்று என் மாமா.

எல்லோரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தபோது, விளைவுகளை எண்ணி அஞ்சியவள் நான் மட்டுமே. யாராவது ஆம்புலன்ஸை அழைத்து, அந்த நேரத்தில் உயிருக்குப் போராடும் ஒருவருக்கு அது கிடைக்காமல் போனால்? ஆச்சியிடமே கேட்டேன்.

"ஏட்டி, காலம் முழுக்க நீ இருக்கப் போற வீடு. ஒனக்கு ஒரு தலைவலின்னா அவிய என்ன செய்யுவாவன்னு எனக்குத் தெரியண்டாமா?"

எனக்குத் தக்கலையிலிருந்து வரன் வந்தது. தொலைபேசியில் பேசியபோது, வேலையை விடுவாயா என்று கேட்காமல், அந்த வேலையைப் பற்றி ஆர்வமாகக் கேட்டறிந்த முதல் மாப்பிள்ளை அவர். எனக்குப் பிடித்துப்போயிற்று. "இந்த ஒரு வீட்டுல மட்டும் விழாதீங்க ஆச்சி" என்று கெஞ்சினேன். தலையாட்டினார். அவர்கள் பெண் பார்க்க வருவதற்கு முந்தைய நாள், சுசீந்திரம் கோயிலுக்கென்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மாலையில் திரும்பியவர் நேரே அடுக்களைக்குள் புகுந்துகொண்டார்.

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா சாதாரணப் பருத்திச் சேலையில் வந்திறங்கினார்.

"தப்பா நெனைக்காதீங்க. பட்டெல்லாம் பீரோவுக்குள்ள கெடக்கு, சாவியக் காணோம். நேத்து ஒரு வயசான அம்மா நம்ம வாசல்ல மயங்கி விழுந்தாவ. வலிப்போன்னு பயந்து இரும்புக்காகச் சாவிக்கொத்தைக் கையில குடுத்தேன். கம்பவுண்டரக் கூப்பிட்டு ஒரு ஊசி போடலாம்னு போயிட்டு வாறதுக்குள்ள ஆளே இல்ல!"

"கள்ளி!" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"அப்பிடிச் சொல்லாதீங்க. பாவம், தெரியாமக் கொண்டு போயிருப்பாவ."

காப்பித் தட்டுடன் நின்ற நான் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கே ஒரு டம்ளர் உருண்டது. நல்ல சேலையும் கம்மலுமாக ஆச்சி வெளியே வந்து, மேசைமேல் சாவிக்கொத்தை வைத்தார்.

"அந்தக் கள்ளி நாந்தான் மக்கா. ஊசின்னு கேட்டதும் எந்திரிச்சு ஓடிட்டேன். பஸ்சுல ஏறுன பொறவுதான் கையில சாவி இருக்கதப் பாத்தேன். வெளியில சொன்னா இந்தப் பிள்ளைக்க கல்யாணம் கெட்டுப்போவுமோன்னு பயமா இருந்து."

"இது என்ன மாதிரிக் குடும்பம்!" என்று மாப்பிள்ளையின் அப்பா எழுந்துவிட்டார். என் கல்யாணம் என் கண்முன்னே கேட்டைப் பிடித்தபடி சரிந்துகொண்டிருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா சாவியை எடுக்கவில்லை. நேரே வந்து ஆச்சியின் கையைப் பிடித்தார்.

"நேத்து ஒரு வாய் தண்ணி கூடக் குடிக்காமப் போயிட்டியளே. அந்த வெயில்ல எப்பிடி வீடு வந்து சேந்திய?"

ஆச்சிக்குக் கால் துவண்டது. இம்முறை நடிப்பில்லை. அந்த அம்மாளே அவரை நாற்காலியில் உட்கார்த்தி, என் தட்டிலிருந்த காப்பியை எடுத்துக் குடிக்கவைத்தார். அதைப் பார்த்தபடி நின்ற மாப்பிள்ளையின் அப்பாவும் மெல்ல உட்கார்ந்தார்.

ஆச்சி இப்போது இல்லை. தக்கலையில் எங்கள் வாசலில் ஒரு ஸ்டூலும் செம்புத் தண்ணீரும் எப்போதும் இருக்கின்றன. கதை பரவியதிலிருந்து, எங்கள் தெருவில் வியர்வை துடைக்க நிற்கும் எந்த மூதாட்டியையும் யாரும் சும்மா விடுவதில்லை. கல்யாண வயதில் பையன் இருக்கும் வீடுகளில் உபசாரம் சற்றே கூடுதல். ஆச்சியின் வழிமுறையை இன்றும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. விளைவைக் குறைசொல்லவும் முடியவில்லை.

சென்ற வாரம் ஒரு வயதான அம்மா எங்கள் ஸ்டூலில் அமர்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சவியளா அத்தே?" என்று என் மாமியாரிடம் கேட்டேன்.

"இல்ல மக்கா. யாருக்க ஆச்சியோ."

என்னையறியாமல் அந்த அம்மாவின் காதைப் பார்த்தேன். கம்மல் இல்லை. உள்ளே போய் இன்னொரு செம்பு தண்ணீர் கொண்டுவந்தேன்.